கண்டமங்கலத்துச் சேற்றில் சக்கரத்தின் பிடிப்பு

கார்த்திகை மழை விட்ட மறுநாள் கண்டமங்கலத்தைச் சுற்றியுள்ள வயல்வெளிப் பாதைகளில் அனுபவப்பட்ட பிக்கப் ஓட்டுநரை அடையாளம் காண்பது எளிது. தார்ச் சாலையை விட்டு இறங்குமுன் வண்டியை நிறுத்துவார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வண்டி போகவேண்டிய தடத்தில் கொஞ்ச தூரம் நடப்பார். குதிகால் எவ்வளவு உள்ளே போகிறது, போன பிறகு கெட்டி தட்டுகிறதா என்று பார்ப்பார். வரப்பில் நிற்பவரிடம், "அடி கெட்டியா இருக்குதாண்ணா?" என்று கேட்பார். "மேலதான் தம்பி சேறு, கீழ கெட்டி. தைரியமா வா" என்று பதில் வந்தால்தான் வண்டி இறங்கும்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களும் இதையேதான் கேட்டார்கள். வண்டிகள் மாறிவிட்டன, சாலை மாறிவிட்டது. வயலுக்கும் தாருக்கும் இடையே உள்ள அந்தக் கடைசி 200 மீட்டர் மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் இன்றும் பழைய பாதையாகத்தான் இருக்கிறது. அங்கே சக்கரத்துக்குப் பிடிப்பு எங்கிருந்து கிடைத்தது, இப்போது எங்கிருந்து கிடைக்கிறது என்பது ஓட்டுநரின் தொழில் நுணுக்கம் மட்டும் அல்ல. ஒரு குடும்பத்தின் அந்த வருட வெள்ளாமை வீடு வந்து சேருமா என்பதும் அதில்தான் இருக்கிறது.

இந்த ஊரின் இருப்பே தனி. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் வளவனூரைத் தாண்டினால் மதகடிப்பட்டு, திருபுவனை, திருவண்டார்கோவில் என்று புதுச்சேரி மாநிலம் வரும். பிறகு மறுபடி தமிழ்நாட்டின் கண்டமங்கலம். அதைக் கடந்தால் மறுபடி புதுச்சேரியின் அரியூர். 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு ஆட்சிக்கும் இந்தியாவுக்குமான எல்லை. நெல், கரும்பு, சவுக்கு, காய்கறி எல்லாமே இந்த மண்ணில் விளைகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களை ஒட்டித்தான் சர்க்கரை ஆலைகளின் அரவைப் பருவமும் தொடங்குகிறது. வெட்டிய கரும்பு ஒரு நாளுக்கு மேல் வயலில் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால், நிலம் காயட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஈரத்திலேயே வண்டி இறங்கியாக வேண்டும்.

தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் இந்த வேலையைச் செய்தவை கட்டை வண்டிகள். ஆரக்காலும் வட்டையும் மரம், சுற்றிலும் இரும்புப் பட்டை. அந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பே தேவைப்படவில்லை என்பதை இன்றைய ஓட்டுநர்கள் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். மாட்டு வண்டியில் சக்கரம் எதையும் தள்ளுவதில்லை, சும்மா உருள்கிறது. வண்டியை நகர்த்தும் விசை முழுவதும் மாட்டின் குளம்பு தரையில் ஊன்றுவதிலிருந்து வருகிறது. சுமையைத் தாங்கும் இடம் வேறு, தரையை உந்தும் இடம் வேறு. சக்கரம் அரை அடி புதைந்தாலும் மாட்டின் காலுக்குக் கெட்டி கிடைத்தால் வண்டி வந்துவிடும்.

மாட்டின் குளம்பு சேற்றுக்கென்றே அமைந்தது போன்றது. அது இரண்டாகப் பிளந்திருக்கிறது. அழுத்தி ஊன்றும்போது பிளவு விரிந்து பரப்பு கூடுகிறது. காலைத் தூக்கும்போது இரண்டு பகுதியும் ஒடுங்கி, பக்கவாட்டில் காற்று நுழைய இடம் விடுகிறது. அதனால் சேறு காலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வது குறைகிறது. பிளவில்லாத குளம்புள்ள குதிரை சேற்றில் படும் பாட்டையும், அதே சேற்றில் மாடும் எருமையும் நடக்கும் நிதானத்தையும் பார்த்தால் இது விளங்கும்.

அப்படியும் மாட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு. அப்போது ஊரே வரும். இன்னொரு ஜோடியை முன்னால் பூட்டுவார்கள். இரண்டு பேர் ஆரக்காலைப் பிடித்துச் சக்கரத்தை உருட்டுவார்கள். சக்கரத்தின் மேல் விளிம்புக்கு அருகே கை வைத்துத் தள்ளினால், வண்டியின் பின்னால் நின்று தள்ளுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பலன் கிடைக்கும். நெம்புகோலின் கணக்கு அது. பள்ளிக்கூடம் போகாதவர்களும் அதைக் கையால் அறிந்திருந்தார்கள். கரும்புச் சோகை, பனை மட்டை, சவுக்கு மிலாறு என்று அந்த வயலில் எது கிடைக்கிறதோ அதைத் தடத்தில் போட்டு மெத்துவார்கள். பாதைக்கும் வருடத்தில் ஒரு முறை பராமரிப்பு இருந்தது. அறுவடைக்கு முன் அந்தப் பாதையைப் பயன்படுத்தும் குடும்பங்கள் சேர்ந்து பள்ளத்தில் மண் கொட்டி, ஓரத்து வாய்க்காலைத் தூர் எடுத்துவிடும். பாதை யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை என்பதால் எல்லோரும் வந்தார்கள்.

இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சேற்றில் முட்டி போட்டுவிட்ட மாட்டின் வாலை முறுக்கி எழுப்பியதையும், தார்க்குச்சியால் குத்தியதையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரும்புப் பட்டைச் சக்கரம் பாதையையும் கத்திபோல் வெட்டியது. காற்றடைத்த டயர் பூட்டிய வண்டிகள் வந்தபோது மாட்டின் பாரம் உண்மையிலேயே குறைந்தது. அகலமான டயர் புதைவது குறைவு என்பதால் அதே ஜோடி கூடுதல் பாரத்தை இழுத்தது. முண்டியம்பாக்கம் ஆலைக்கும் நெல்லிக்குப்பம் ஆலைக்கும் கரும்பு ஏற்றிய டயர் வண்டிகள் இரவெல்லாம் வரிசை பிடித்து நின்றது, நடுவயதைத் தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பிறகு டிராக்டர் வந்தது. அதோடு பிடிப்பு என்ற பிரச்சினையே வேறாகிவிட்டது. சுமை தாங்கும் சக்கரமேதான் இனி தரையை உந்தவும் வேண்டும். டிராக்டர் இதற்கு மூன்று வழிகளில் தயாராகி வந்தது. பின்சக்கரம் பெரியது, அதில் காற்றழுத்தம் 15 பவுண்டு அளவுதான். டயர் தரையில் அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தமே என்பதால், காற்று குறையக் குறையத் தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது. இரண்டாவது, டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். அந்த எடை நேராகச் சக்கரத்தில் விழுவதால் அது சுற்றி வழுக்குவது குறையும். மூன்றாவது, இடது வலது பிரேக்குகள் தனித்தனி, டிஃபரன்ஷியல் லாக்கும் உண்டு. ஒரு பக்கச் சக்கரம் சும்மா சுற்றினால் லாக்கை மிதித்து, இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கலாம்.

சேற்றுழவுக்குப் பூட்டும் கேஜ் வீல் இதில் இன்னொரு படி. அந்த இரும்புக் கூண்டுச் சக்கரம் சேற்றைக் கிழித்துக் கீழே போய், உழவுப் படுகைக்கு அடியில் பல ஆண்டு மிதிபட்டு இறுகிய கெட்டி அடுக்கில் நிற்கிறது. அந்த அடுக்கு பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள் இருக்கும். நாட்டுக் கலப்பையும் மாட்டின் காலும் தலைமுறை தலைமுறையாக மிதித்து உருவாக்கிக் கொடுத்தது அது. இன்றைய கனமான டிராக்டர்கள் ஈரம் அதிகமான நிலத்தில் அதை உடைத்து ஆழப்படுத்தும்போது, முன்பு வண்டி போன வயலில் இப்போது வண்டி புதைகிறது. மாடு உண்டாக்கி வைத்த கெட்டி மண்ணில்தான் இயந்திரங்கள் இத்தனை காலம் ஓடியிருக்கின்றன. அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வரவே இல்லை. கேஜ் வீலைக் கழற்றாமல் தார்ச் சாலையில் ஓட்டிச் சாலையைக் கொத்திப் போடுவது தனி வருத்தம்.

நெல் அறுவடை இயந்திரத்தில் சக்கரமே போய்ப் பெல்ட் வந்துவிட்டது. மழைக் காலத்தில் டயர் வண்டியை அழைக்காமல் பெல்ட் வண்டியைத்தான் விவசாயிகள் தேடுகிறார்கள், வாடகை கூடுதலானாலும். அகன்ற ரப்பர் பட்டை எடையை நெடுகப் பரப்பிவிடுவதால், சில டன் எடையுள்ள அந்த இயந்திரம் சதுர அங்குலத்துக்குத் தரும் அழுத்தம், நடக்கும் மனிதனின் ஒற்றைக் காலடி தருவதைவிடக் குறைவு.

இந்த வரிசையில் சேற்றுக்குக் கொஞ்சமும் தயாராகாமல் வந்தது பிக்கப்தான். 1986-ல் டாட்டா 407 வந்தது. ஊர்களுக்குள் புகுந்து வாழ்க்கையை மாற்றியது 2005-ல் வந்த டாட்டா ஏஸ். 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன். நம் ஆட்கள் உடனே குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப்பும் சேர்ந்துகொண்டது. கத்திரிக்காயும் வாழைத்தாரும் விடியுமுன் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கும் விழுப்புரத்துக்கும் போய்ச் சேர்வது இவற்றால்தான். மாடு வைத்துக் கட்டுப்படியாகாத சிறு விவசாயிக்கு இந்த வண்டி கொடுத்த விடுதலையைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் இது தார்ச் சாலைக்குச் செய்த வண்டி. என்ஜின் முன்பக்கம், இழுவை பின்சக்கரத்தில். காலியாக இருக்கும்போது எடையில் பாதிக்கு மேல் முன்னச்சின் மீதுதான் இருக்கும். உந்தவேண்டிய பின்சக்கரமோ வெறும் தொட்டியைச் சுமந்துகொண்டு லேசாகத் தரையைத் தொடும். அதனால் பிக்கப் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சுமையோடு திரும்பும்போது அல்ல, காலியாக உள்ளே போகும்போது. டிஃபரன்ஷியலும் திறந்த வகை. ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கினால் சுழற்சியெல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிடும். கெட்டியில் நிற்கும் மறு சக்கரம் அசையாது.

பனி கொட்டும் நாடுகளில் பிக்கப் ஓட்டுபவர்களுக்கு இருப்பதும் இதே தொல்லைதான். டொராண்டோ பக்கம் குடியேறிய தமிழர்கள் முதல் குளிர்காலத்திலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். காய்ந்த தாரில் சக்கரம் தன்மேல் விழும் எடையில் 10-ல் 7, 8 பங்கு விசையைத் தரையில் ஊன்றலாம். இறுகிய பனியில் அது 2 பங்கு, பனிக்கட்டியில் 1 பங்கு. ஆகவே பின்னச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். மாட்டிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்தின் முன்னால் தூவியும் கொள்ளலாம். குளிரில் இறுகாத ரப்பரால் ஆன தனி டயர்களும் அங்கே உண்டு. கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம்.

நம் ஊர் ஓட்டுநர்கள் மணல் மூட்டைக்குப் பதிலாக உர மூட்டையையோ ஆட்களையோ பின்தொட்டியின் அச்சுக்கு மேலே ஏற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்த அறிவு இது. இங்கேதான் பனிக்கும் சேற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பனிக்கு அடியில் சாலை இருக்கிறது. எடை கூடினால் சக்கரம் அதைப் போய்த் தொடும். சேற்றுக்கு அடியில் கெட்டி இருந்தால் எடை நன்மை. கெட்டி இல்லாவிட்டால் அந்த எடையே வண்டியைப் புதைக்கும். தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் இதுதான். அடி கெட்டி என்றால் குறுகலான, ஆழமான வெட்டுள்ள டயர் சேற்றைப் பிளந்து கெட்டியைப் பிடிக்கும். கொஞ்சம் எடையும் வேண்டும். அடி கெட்டி இல்லை என்றால் இதற்கு நேர்மாறு. எடையைக் குறைத்து, டயரைத் தட்டையாக்கி, மேலே மிதந்து போக வேண்டும். முன்னதற்குச் செய்வதைப் பின்னதில் செய்தால் மாலைவரை அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

டயரைத் தட்டையாக்குவது என்றால் காற்றை இறக்குவது. பாரம் ஏற்றும் டயரில் காற்று இறுகி நிற்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை விட்டால் டயர் தரையில் நீளமாகப் படியும். ஓட்டும் விதமும் மாறவேண்டும். முதல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் விசை கூடிச் சக்கரம் சுற்றிவிடும். இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டு, நிதானமாக நகர்த்த வேண்டும். நகர்ந்த பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை நேராக வைத்திருந்தால் முன்சக்கரம் மண்ணை ஒதுக்கும் வேலையாவது மிச்சம். சக்கரம் ஒரு முறை வெறுமனே சுற்றினால் உடனே காலை எடுக்க வேண்டும். இதை இளைஞர்களுக்குச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. சுற்றும் ஒவ்வொரு வினாடியும் டயர் தனக்குக் குழி தோண்டுகிறது. டயரின் வெட்டுகளில் சேறு நிரம்பி அது வழவழவென்று மொட்டையாகிறது. முன்னால் போக முடியாவிட்டால் வந்த தடத்திலேயே ரிவர்ஸ் வருவதுதான் நல்லது. தான் அழுத்திய தடம் ஏற்கெனவே கொஞ்சம் இறுகியிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் கைப்பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நகர்த்திப் பார்க்கலாம். பின்சக்கரங்களில் வேலை செய்யும் கைப்பிரேக் சுற்றும் சக்கரத்துக்குத் தடை தருவதால், விசையில் ஒரு பகுதி மறு பக்கம் போகும். டிராக்டரின் தனிப் பிரேக் செய்யும் அதே வேலைதான், சிறிய அளவில். எதுவும் நடக்காவிட்டால் சோகையும் மிலாறும் இருக்கவே இருக்கின்றன.

காற்றை இறக்கியவர் தாருக்கு ஏறியதும் திரும்ப நிரப்பியாக வேண்டும். முன்பெல்லாம் இதில் தவறினால் டயர் சூடேறித் தேயும், அவ்வளவுதான். விழுப்புரம்–புதுச்சேரி சாலை இருவழியாக, புளிய மரங்களும் ரயில்வே கேட்டும் வேகத்தைத் தடுக்கும் சாலையாக இருந்தபோது, யாரும் விரைந்து போக முடியவில்லை. இன்று நான்கு வழி. பாதையிலிருந்து ஏறிய வண்டி ஐந்தாவது நிமிடம் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். மழைத் தண்ணீர் தேங்கிய தாரில் அதுதான் ஆபத்து. வேகம் கூடும்போது டயருக்கு அடியிலிருந்து தண்ணீர் விலக நேரமில்லாமல், டயர் தண்ணீரின் மேலேயே ஏறி மிதக்கிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்த நொடியில் பயன்படா. எந்த வேகத்தில் இது நடக்கும் என்பது டயரின் காற்றைப் பொறுத்தது என்று 1960களில் நாசா விமான டயர்களை வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. அந்தக் கணக்கின்படி 25 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு ஏறக்குறைய 83 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். காற்று கூடினால் அந்த வேகமும் கூடும். தேய்ந்த டயரானால் அதற்கும் முன்பே நடக்கலாம். வயலில் காப்பாற்றிய அதே தளர்ந்த டயர் நான்கு வழிச் சாலையில் கொல்லும். இன்று சின்னக் காற்றுப் பம்பு வண்டியின் பேட்டரியிலேயே ஓடுகிறது. வயலுக்குப் போகும் ஒவ்வொரு வண்டியிலும் அது இருக்கவேண்டும்.

கண்டமங்கலத்துக்கு அருகிலேயே, புதுச்சேரியின் ஏரிப்பாக்கத்தில், எம்ஆர்எஃப் டயர் ஆலை இயங்குகிறது. கூப்பிடு தூரத்தில் டயர் உருவாகும் ஊரில், இரண்டு முறை ரீட்ரேடிங் செய்து மொட்டையாகிவிட்ட பின்டயர்களோடு வண்டிகள் சேற்றில் இறங்குவதைப் பார்க்க மனம் கனக்கிறது. வாடகை கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். அது உண்மைதான். ஆனாலும் முன்னால் நல்ல டயரும் பின்னால் தேய்ந்ததுமாக மாட்டும் பழக்கத்தையாவது விட்டுவிடலாம். உந்தும் சக்கரம் பின்னால் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை பெருகி அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. நெடுஞ்சாலைக்கே அந்த நிலை என்றால் வயல் பாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பல இடங்களில் வழக்கமான சேற்றின் மேல் புது வண்டல் படிந்து கிடந்தது. அடி கெட்டி எங்கே இருக்கிறது என்று அந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களாலும் சொல்ல முடியாத வாரங்கள் அவை.

மாட்டு வண்டி நாளில் இருந்ததும் இன்று இல்லாமல் போனதும் பாதைக்காகச் சேரும் கைகள். மாடு போனதும், சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க அலைபேசியில் ஒரு டிராக்டரையோ ஜேசிபியையோ கூப்பிட்டால் போதும் என்றாகிவிட்டது. காசு கொடுத்தால் அரை மணியில் வேலை முடிகிறது. பாதை மட்டும் அடுத்த மழைக்கும் அப்படியே கிடக்கிறது. இரு பக்கத்து வரப்பும் வருடத்துக்கு ஒரு விரற்கடை நகர்ந்து, வண்டி அகலம் இருந்த பாதைகள் சில இடங்களில் மோட்டார் சைக்கிள் அகலமாகிவிட்டன. ஓரத்து வாய்க்காலை மூடிக் கரும்பு வைத்தவர்களும் உண்டு. எல்லைப் பகுதி என்பதால் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டு வயலில் தொடங்கும் பாதை புதுச்சேரித் தாரில் போய் ஏறினால், செப்பனிடச் சொல்லி எந்தப் பக்கத்து அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

நூறு நாள் வேலைத் திட்டத்தில் பல பாதைகளுக்குக் கிராவல் போட்டார்கள். அது பெரிய உதவி. ஆனால் பாதையை வயல் மட்டத்திலிருந்து உயர்த்தாமல், தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் விடாமல், செம்மண் கிராவலை மட்டும் பரப்பினால் இரண்டு மழைக் காலத்தில் அதுவும் சேறோடு சேறாகிவிடும். முதலில் வாய்க்காலை வெட்டி, அந்த மண்ணையே நடுவில் போட்டு ஓர் அடி மேடாக்கி, அது ஒரு கோடை மிதிபட்டு இறுகிய பிறகு கிராவலைக் கொட்ட வேண்டும். வயல் நுழைவிடத்தில் மட்டும், வண்டி திரும்பும் அளவுக்கு, கருங்கல் சில்லி போட்டால் போதும். பிக்கப்கள் அதிகம் சிக்குவது அந்தத் திருப்பத்தில்தான். சித்திரை, வைகாசியில் நிலம் காய்ந்து கிடக்கும்போது செய்யவேண்டிய வேலை இது. ஐப்பசியில் மனுவோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் காலம் கடந்திருக்கும்.